எலுமிச்சை வாசனை மழை

"எவன் அவன்?"

மில்லிமீட்டர் போட்ட சத்தத்தில் முற்றத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த இரண்டு காக்கைகள் பக்கத்து வீட்டுக்கு இடம் மாறின. சமையலறையில் இருந்த அவர் மனைவி மட்டும் இடம் மாறவில்லை. அந்த வீட்டில் தினமும் காலையில் ஒரு 'எவன் அவன்' உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓடி வந்தால் அடுப்பில் இருப்பது கருகிப் போகும்.

"எவன் அவன்னு கேக்கறேன், காதுல விழலையா?"

"தெருவுக்கே விழுந்துச்சு. யாரைக் கேக்கறீங்கன்னுதான் தெரியல."

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் கேக்கறேன்?"

"அதானே. கேளுங்க, கேளுங்க."

ஊருக்கு அவர் எடை அளவு இன்ஸ்பெக்டர். அவர் சந்தைக்குள் நுழைந்தால் கடைக்காரர்களின் கை தானாகத் தராசை விட்டு விலகிவிடும். "விரலை எடுய்யா!" என்று அவர் போடுகிற அதட்டலுக்கு, தராசுப் பக்கமே போகாதவர்கள் கூட விரலை எடுத்துவிடுவார்கள். துணிக்கடைக்காரர் ஒருவரின் அளவுகோல் ஒரு மில்லிமீட்டர் குறைகிறது என்று கடைக்கே சீல் வைத்தார் பாருங்கள், அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் மில்லிமீட்டர். கேலிக்கு வைத்த பெயர். அவருக்கு அதில் ஏகப் பெருமை. சாப்பாட்டு மேசையில் தினமும் உபதேசம் வேறு: "எடை தினம் தினம் ஒரே அளவு குறைஞ்சா, தப்பு தராசுல இல்லை. கட்டைவிரல்ல!"

வெளியில் அளந்தது போதாது என்று வீட்டிலும் அளக்க ஆரம்பித்தார். மழையை.

இதற்கென்று ஒரு உலக சங்கம் இருக்கிறது. மழை கொட்டுகிற ஊர், பனி கொட்டுகிற ஊர், ஒன்றுமே கொட்டாமல் காய்ந்து கிடக்கிற ஊர், எல்லா இடத்திலும் இப்படி வேலையை விட்டுவிட்டு ஏழு மணிக்கு எழுந்து போய், ஒரு கண்ணாடிக் குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்ததைச் செல்போனில் அனுப்பினால் உலக வரைபடத்தில் அவரவர் இடத்தில் ஒரு நீலப் புள்ளி மின்னும். புள்ளியைத் தொட்டால் அளவு தெரியும், ஆள் தெரியாது. பனிக்காலம் வந்தால் மழைமானியின் புனலைக் கழற்றிவிட வேண்டும். பனி நேரே உருளைக்குள் விழும். அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, அளந்து வைத்த வெந்நீரை ஊற்றி உருக்கி, ஊற்றிய வெந்நீரைக் கழித்துவிட்டு மிச்சத்தை அனுப்ப வேண்டும். மில்லிமீட்டர் இதையெல்லாம் சமையலறையில், மனைவி அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார். "மூச்சு விடாதே, அளவு ஆடுது" என்று அவளுக்கும் உத்தரவு.

இதுவரைக்கும் கூடப் பரவாயில்லை. சங்கத்தின் விதியில் ஒன்று இருந்தது. மழைமானிக்குப் பக்கத்தில் எது உயரமாக நின்றாலும், அந்த உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் இடைவெளி இருக்க வேண்டும். மில்லிமீட்டர் முற்றத்தின் நட்டநடுவில் கம்பம் நட்டு மழைமானியை மாட்டினார். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தார். பின்சுவர் உயரம் என்று இரண்டு வரிசை செங்கல்லைப் பெயர்த்தார். துணி காயப்போடும் கொடியை அறுத்தார். மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அவள் கையால் வைத்து வளர்த்த பேரி மரத்தையும் வெட்டிவிட்டார். திரும்பி வந்தவள் அடிமரத்தைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அவள் பேசாமல் உள்ளே போனாள். அங்கேதான் இந்த மனுஷன் சுதாரித்திருக்க வேண்டும்.

அதுமுதல் துணியெல்லாம் வீட்டுக்குள் காய்ந்தது. கதவு மேல் சட்டை, நாற்காலி மேல் பேன்ட், மேசை விளக்கில் ஜோடி ஜோடியாகக் காலுறை. மில்லிமீட்டர் தன் சட்டைக்கே குனிந்து கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஹாலைக் கடக்க வேண்டும். அதற்கும் கோபம்.

"என் சட்டையெல்லாம் ஒரே ஈர நாத்தம். ஆபீஸ்ல பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க. உன் துணி மட்டும் எப்படி மொடமொடன்னு இருக்கு?"

"என் துணிக்குக் கோபம் வராது. சீக்கிரம் காஞ்சிடும்."

இப்படியாகத்தானே காலம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான், இந்த 'எவன் அவன்' வந்தது. சங்கத்திலிருந்து ஒரு செய்தி. மில்லிமீட்டர் அதைப் படித்துக் காட்டினார். படித்தார் என்பதை விடக் கடித்தார் என்று சொல்லலாம்.

"'தங்கள் அளவுகள் பக்கத்து நிலையத்தோடு ஒத்துப்போகவில்லை. வானம் வெளுத்திருக்கும் நாட்களிலும் தங்கள் புள்ளி மட்டும் நனைந்திருக்கிறது. கருவியைச் சரிபார்க்கவும்.' பார்த்தியா? என்கிட்ட! சரிபார்க்கவும்னு என்கிட்ட சொல்றான்!"

"நேத்து மழையா பெஞ்சுது? எனக்குத் தெரியலயே."

"உனக்கு என்ன தெரியும்? நேத்து ஒண்ணு புள்ளி நாலு மில்லிமீட்டர். நான் ஆபீஸ் போனப்புறம் தூறியிருக்கு. இந்த இடத்துக்கு மட்டும் வர்ற தூறல். போன மாசம் கூட வந்துச்சே, வாசனை மழை!"

வாசனை மழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலையில் குழாயைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீரின் மேல் மெல்லிய நுரை. முகர்ந்தால் எலுமிச்சை வாசனை. மில்லிமீட்டருக்குத் தலைகால் புரியவில்லை. மேல்காற்று, தொழிற்சாலைப் புகை, தூரத்துத் தோட்டம் என்று மூன்று காரணம் கண்டுபிடித்து சங்கத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதிப் போட்டார். உலகத்திலேயே முதல் எலுமிச்சை மழையை அளந்தவன் நான்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"அந்தப் பக்கத்து நிலையம் யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்றார் இப்போது. "என் மழையைத் தப்புன்னு சொல்றதுக்கு எவனுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தம்? பின் தெரு பல் டாக்டர்தான். அவன் மொட்டைமாடியில என்னமோ உருளையா மின்னுது."

"தண்ணி டேங்க்கா இருக்கும்."

"நீ சும்மா இரு. அதுசரி, பால் வாங்கப் போனா இவ்வளவு நேரமா தினமும்? ஏழு மணிக்குப் போறே, நான் அளந்து, அனுப்பி, பசியில உயிர் போற வரைக்கும் ஆளைக் காணோம்."

"கோடி வீட்டு நர்ஸம்மா பேச்சுக் கொடுத்தாங்க."

"ஊர் வம்பு!" என்று உறுமிவிட்டு, மில்லிமீட்டர் பின் தெருவுக்குப் பாய்ந்தார்.

பல் டாக்டர் யாரோ ஒரு நோயாளியின் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தார். மில்லிமீட்டர் கதவைத் தட்டவில்லை.

"நீங்கதானே அந்த நீலப் புள்ளி?"

"என்ன புள்ளி?"

"நடிக்காதீங்க. தினமும் ஏழு மணிக்கு மழையை அளக்கறது நீங்கதானே?"

"நான் ஏழு மணிக்கு எந்திரிக்கறதே இல்லைங்க. ஒன்பதுக்குத்தான் கிளினிக்."

"மாடியில மின்னுதே அது என்ன?"

"தண்ணி டேங்க்."

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் பஞ்சு வாயோடு, "ஆங்க், ஆங்க்" என்று டாக்டருக்கு சாட்சி சொன்னார்.

"நீங்க குறுக்க பேசாதீங்க! எனக்கு எவ்வளவு ஆத்திரம் வருது தெரியுமா?" மில்லிமீட்டர் பல்லை நறநறவென்று கடித்தார்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. "இன்னொரு தடவை கடிங்க பார்ப்போம். அட, இந்தச் சத்தம்! உக்காருங்க. கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சிருக்குமே!"

சண்டைக்குப் போனவர், தாடை மரத்துப்போய், வாயில் பஞ்சோடு வீடு திரும்பினார். இரண்டு நாளைக்கு வாயை மூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திறக்கவும் கூடாதாம்.

வாய்தானே ஓடாது, கை ஓடுமே. சங்கத்துக்குக் காரசாரமாக ஒரு கடிதம் தட்டினார். 'இருபது வருஷமாக ஊருக்கே அளவு சரிபார்க்கிறவன் நான். தைரியம் இருந்தால் நேரில் வந்து சோதியுங்கள். அந்தப் பக்கத்துப் புள்ளியையும் என் முன்னால் நிறுத்துங்கள். யார் பொய்யர் என்று தெரிந்துவிடும்.'

பதில் பணிவாக வந்தது. 'மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை காலை மேற்பார்வையாளர் வருவார். அதுவரையிலான அளவுகளைக் கவனித்து வருவோம். பிறகும் ஒத்துப்போகாவிட்டால் தங்கள் கருவி திரும்பப் பெறப்படும். வரைபடத்திலிருந்து தங்கள் புள்ளி நீக்கப்படும்.'

புள்ளி நீக்கப்படும்!

மில்லிமீட்டர் இதை இரண்டு தடவை படித்தார். உத்தியோகம் போனால் கூடப் பென்ஷன் வரும். புள்ளி போனால்? சந்தையில் சிரிப்பார்கள். அளவு தெரியாத அளவுக்காரன் என்பார்கள். சீல் வாங்கிய துணிக்கடைக்காரர் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடுவார். கோபம் பயமாகி, பயம் மறுபடி கோபமாகி, கடைசியில் ஒரு யோசனையில் வந்து நின்றது. நல்ல யோசனை இல்லை.

மறுநாள் காலை மனைவி பால் வாங்கக் கிளம்பியதும், அவர் மழைமானிப் பக்கம் போகவில்லை. போர்வைக்குள் செல்போனைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்துப் புள்ளி மின்னியது. 3.6. மில்லிமீட்டர் நிதானமாக 3.5 என்று அனுப்பினார். அப்படியே எழுதினால் காப்பி என்று கண்டுபிடித்துவிடுவார்களே! திருட்டிலும் ஒரு தொழில் சுத்தம் வேண்டாமா? அடுத்த நாள் 0.8 வந்தது, இவர் 0.7. அதற்கடுத்த நாள் லேசான பனி, உருக்கிய நீர் 2.2 என்று வந்தது, இவர் 2.1. ஊரில் இருக்கிற அத்தனை கட்டைவிரலையும் தராசிலிருந்து தட்டிவிட்ட மனுஷன், தன் கட்டைவிரலை எடுத்து வைத்தார். கேட்டால் என்ன சொல்வார் தெரியுமா? "என் அளவுதான் சரி. அவன் தப்பை நான் பெருந்தன்மையா ஒத்துக்கறேன்" என்பார். தனக்குத் தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ராத்திரி பலத்த பனி இருக்கும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். குளிர் எலும்பைக் குடைந்தது. மில்லிமீட்டர் கழுத்து வரை போர்த்திக்கொண்டு செல்போனையே முறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் புள்ளி மின்னியது.

'புதிய பனி: 9 சென்டிமீட்டர். உருக்கிய நீர்: 8.3.'

"அம்மாடி!" என்று வாய்விட்டுச் சொன்னார். பனி 9, நீர் 8.2. அனுப்பினார். மேற்பார்வையாளர் வருகிற நாளில் இரண்டு புள்ளியும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். ஜெயித்தாயிற்று. அரை மணி நேரம் நிம்மதியாகக் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு, உற்சாகமாக எழுந்து திரைச்சீலையை விலக்கினார்.

முற்றத்தில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பனியைக் காணோம். தரை காய்ந்து கிடந்தது. மழைமானியின் விளிம்பில் ஒரு காக்கை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மில்லிமீட்டர் கண்ணைக் கசக்கினார். செல்போனைப் பார்த்தார். பக்கத்துப் புள்ளி மறுபடியும் மின்னியது.

'கை தவறிவிட்டது. மன்னிக்கவும். சரியான அளவு: பூஜ்யம்.'

"அடப் பாவி!" திருத்துவதற்கு விரலை நீட்டினார். அதற்குள் வாசல் மணி அடித்தது.

மேற்பார்வையாளர் ஒரு குள்ளமான அம்மா. முழங்கால் வரைக்கும் பனி பூட்ஸ் போட்டுக்கொண்டு, காது குல்லாய் மாட்டிக்கொண்டு, வெயிலில் வேர்த்து நின்றார். ஒரு கையில் செல்போன்.

"வணக்கம் சார். உங்க பனி எங்கே?"

"எ... எந்தப் பனி?"

"ஒன்பது சென்டிமீட்டர். பஸ்ல வரும்போதுதான் பார்த்தேன். பார்த்ததும் நடுவழியில இறங்கி இந்த பூட்ஸை வாடகைக்கு எடுத்துக்கிட்டு வந்தேன்."

"உருகிடுச்சு."

"அதுக்குள்ளயா?" அந்த அம்மா நேரே முற்றத்துக்கு நடந்தார். "ஈரம் கூட இல்லையே?"

"எங்க மண்ணு அப்படி. உறிஞ்சிடும்."

"கூரை மேலயும் மண்ணா சார்?"

மில்லிமீட்டருக்கு வேறு வழி தெரியவில்லை. தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். கத்தினார். "என்னை மட்டும் கேக்கறீங்களே, அந்தப் பக்கத்துப் புள்ளியும் ஒன்பதுன்னுதானே போட்டான்? அந்த அயோக்கியனை என் முன்னால நிறுத்துங்க! ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

"வரச் சொல்லியிருக்கேன் சார். இதோ வந்துடுவாங்க."

அந்த நேரம் பார்த்துக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, பால் பாத்திரத்தோடு மனைவி உள்ளே வந்தாள்.

"நீ வேற! உள்ள போ. முக்கியமான ஆள் ஒருத்தர் வரப்போறாங்க."

மேற்பார்வையாளர் அம்மா முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பினார். "வாங்க வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்."

மில்லிமீட்டர் மனைவியைப் பார்த்தார். மேற்பார்வையாளரைப் பார்த்தார். மனைவிக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"நீயா?"

"நான்தான் அந்த அயோக்கியன்" என்றாள் மனைவி, பாலைக் கீழே வைத்து.

"எங்கே அளக்கறே? எப்போ அளக்கறே?"

"கோடி வீட்டு நர்ஸம்மா வீட்டுப் பின்னால காலி இடம் இருக்கு. மரமும் இல்லை, சுவரும் இல்லை. வெட்டறதுக்கும் இடிக்கறதுக்கும் ஒண்ணுமில்லாத இடமாப் பார்த்து வச்சேன். ஏழு மணிக்குப் பால், ஏழு மணிக்கே மழை."

"அப்போ... என் முற்றத்துல பெஞ்ச மழை?"

அவள் சமையலறைக் கதவைச் சாத்தினாள். கதவின் பின்னால் ஒரு கொக்கி. எதிர்ச் சுவரில் செங்கல் இடுக்கில் இன்னொரு கொக்கி. இரண்டுக்கும் நடுவில் கோடு இழுத்தால் அது நேரே மழைமானிக்கு மேலே போனது.

"நீங்க ஆபீஸ் போனதும் கட்டுவேன். வர்றதுக்குள்ள அவுத்துடுவேன். போர்வை, என் துணி, எல்லாம் இங்கதான் காஞ்சுது. உங்க சட்டை மட்டும்தான் ஹால்ல. அளவு சுத்தமா இருக்கணும்னு நீங்கதானே கொடியை அறுத்தீங்க? அதான் உங்க துணியை மட்டும் விதிப்படி வச்சேன்."

"எலுமிச்சை..."

"சோப்பு. முதல்ல போர்வை தெரியாமத்தான் சொட்டிச்சு. நீங்க வாசனை மழைன்னு உலகத்துக்கே எழுதினப்புறம், தெரிஞ்சே சொட்டவிட்டேன்."

மேற்பார்வையாளர் அம்மா குல்லாயை இழுத்து வாயை மறைத்துக்கொண்டார். மில்லிமீட்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விடுகிற ஆளா?

"சரி, நான் உன்னைப் பார்த்துத்தான் அனுப்பறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தினம் தினம் ஒரே அளவு குறைஞ்சா தப்பு தராசுல இல்லை, கட்டைவிரல்ல. சாப்பாட்டோட சேர்த்து ஊட்டி விட்டிருக்கீங்களே, மறக்குமா? நேத்து வரைக்கும் சந்தேகம். இன்னிக்கு ஒன்பது சென்டிமீட்டர்ல தெளிஞ்சுபோச்சு."

"ஒரு கொடிக்காகவா இவ்வளவு? துணி காயப்போட இடமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"கொடிக்கா?" முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. இவர் கத்தலுக்குப் பழகிய காக்கைகள் இதற்குத்தான் நிஜமாகவே பறந்தன. "என் மரத்துக்கு! கன்னா வாங்கி, குழந்தை மாதிரி குளிருக்குச் சாக்கு சுத்தி வளர்த்தேன். முதல் காய் விட்டிருந்துச்சு. நான் இல்லாத நாளாப் பார்த்து வெட்டுனீங்க. கேட்டா, விதின்னு ஒரே வார்த்தை. அன்னிக்கு உங்களைப் பார்த்துக் கத்தியிருப்பேன். கத்தறதுல உங்களை ஜெயிக்க முடியுமா? அதான் அளக்கக் கத்துக்கிட்டேன்."

மேற்பார்வையாளர் அம்மாவின் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. அடிமரத்தைப் பார்த்தார். "சார், மரத்தை வெட்டணும்னு விதியில எங்கே இருக்கு?"

"ரெண்டு மடங்கு தூரம்..."

"ஆமா. கருவியைத் தள்ளி வைக்கணும்னு இருக்கு. மரத்தைத் தள்ளச் சொல்லலையே. மரத்துக்குப் பின்னால, கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம் திறந்த இடத்துல வச்சிருந்தா சரியாப் போயிருக்குமே?"

மில்லிமீட்டர் அந்த இடத்தைப் பார்த்தார். கண்ணாலேயே அளந்தார். சரியாகத்தான் இருந்தது. மரம், கொடி, சுவர் எல்லாம் இருந்தபடியே இருந்திருக்கலாம். கத்துவதற்கு வாயைத் திறந்தார். பல் டாக்டர் இல்லாமலே தாடை மரத்துப்போயிற்று.

மேற்பார்வையாளர் அம்மா மழைமானியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி அணைந்தது. கண்ணாடிக் குழாயில் கீறல் விழுந்திருந்ததால் அதை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அந்தக் கம்பத்தில் துணிக்கொடி ஏறியது. அடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு புதிய பேரிக் கன்று நின்றது. கன்றுக்குத் தினமும் காலையில் ஏழு மணிக்குத் தண்ணீர் விடுவது யார் வேலை என்று வீட்டில் ஒரு விவாதமும் நடக்கவில்லை. பூவாளி வேண்டாம், வேர் அழுகிவிடும் என்று மனைவி சொல்லிவிட்டாள். கீறல் விழுந்த குழாயில் அளந்து, கோடு வரைக்கும் நிரப்பி, மூன்று தடவை.

மில்லிமீட்டர் குளிரில் நடுங்கிக்கொண்டு குழாயை நிரப்பினார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முழுசாக நிரப்பக் குழாயடிக்கு இன்னொரு நடை நடக்க வேண்டும். செடிக்கு என்ன தெரியப் போகிறது? இருந்த தண்ணீரோடு ஊற்றப் போனார்.

பால் பாத்திரத்தோடு வாசலில் நின்றிருந்தாள் மனைவி.

"கோடு வரைக்கும் இருக்கா?"

"இருக்கு, இருக்கு." மில்லிமீட்டரின் கட்டைவிரல் கோட்டின் மேல் ஏறியது. "எனக்கேவா அளவு சொல்லித் தர்றே?"

"அப்போ விரலை எடுங்க."